ஷெட்டுக்குப் பின்னால் அடர்ந்த காடு

என் வீட்டுக்காரரின் வாழ்க்கையை எழுத அரைப் பக்கம் போதும். வயது ஐம்பத்திரண்டு. அரசாங்கப் பொறியியல் அலுவலகத்தில் பராமரிப்புப் பிரிவு கிளார்க். விளக்கு எரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, நாற்காலிக்கு ஒரு கால் குறைகிறது என்று வருகிற மனுக்களை வாங்கி, நம்பர் போட்டு, ஃபைலில் கட்டி, அந்த ஃபைலைப் பத்திரமாக வைத்திருப்பார். விளக்கு கடைசியில் எரிந்ததா என்பது வேறு பிரிவு. குரலை உயர்த்த மாட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதும். மற்றது யாராவது இரவல் கேட்டால் கொடுப்பதற்கு.

மிச்ச வாழ்க்கையெல்லாம் ஆந்தை.

ஆறு வருஷத்துக்கு முன் அவர் பிறந்தநாளுக்கு நானே ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்த கேமராவில் ஆரம்பித்த வினை இது. மற்றவர்கள் கேமரா வாங்கினால் பூவை எடுப்பார்கள், சூரியனை எடுப்பார்கள், பெண்டாட்டியைக்கூட ஒரு தடவை நிற்க வைத்து எடுப்பார்கள். இவருக்கு ஆந்தை. அதிலும் பெரிய ஆந்தை ஆகாது. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ஆந்தை மட்டும்தான். அது பகலிலும் பொந்து வாசலில் வந்து உட்கார்ந்து வெயில் காயும் என்பார். "மத்த பறவைங்க எல்லாம் சைடுல பாக்கும். இது ஒண்ணுதான் நம்மள நேருக்கு நேரா பாக்குது" என்பார். இருபத்தெட்டு வருஷமாக ஆபீஸில் யாரும் இந்த மனிதரை நேருக்கு நேராகப் பார்த்ததில்லை. அதுதான் காரணமோ என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

ஆந்தை பிடித்தவர்கள் தனியாக இருந்திருந்தால் பாதகமில்லை. சங்கம் வைத்தார்கள். இயற்கைச் சூழலில் பறவைகளைப் படமெடுப்போர் சங்கம். உறுப்பினர் நாற்பது பேர். சங்கத்துக்கு எழுதிய விதி ஒன்று, எழுதாத விதி ஒன்று. எழுதிய விதி: படத்தில் பறவையும் இயற்கையும் மட்டுமே தெரியலாம், சுவர், கம்பி, தகரம் எதுவும் வரக் கூடாது, எடுத்த இடத்தைப் படத்துக்குக் கீழே குறிப்பிட வேண்டும். எழுதாத விதி: அந்த இடத்துக்கு யாரும் போய்ச் சேர முடியாதபடி குறிப்பிட வேண்டும். வடக்கே என்றால் தெற்கே என்று அர்த்தம். நாற்பது பேரும் பொய் சொல்கிறார்கள் என்பது நாற்பது பேருக்கும் தெரியும். தான் மட்டும் பறவையின் நன்மைக்காகச் சொல்கிறோம் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஒரு பொந்து வெளியே தெரிந்துவிட்டால் மறுநாளே நாற்பது குழாய் லென்ஸும் வந்து நிற்கும். ஒருவர் ஃபோனில் ஆந்தைக் குரலை அலற விடுவார், ஒருவர் இலை மறைக்கிறது என்று கிளையை ஒடிப்பார். ஆந்தை குடும்பத்தோடு இடத்தைக் காலி செய்யும்.

என் தங்கையின் வீட்டுக்காரரும் அந்தச் சங்கத்தில் இருக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சகலைகள் இருவரும் சந்தித்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

"எங்க எடுத்தது சகலை?"

"அந்தப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

"காட்டுப் பக்கம்."

"காட்டுல எந்தப் பக்கம்?"

"உள் பக்கம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். நானும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே இவர் கிளம்பிவிடுவார். மூன்று மணி நேரம் பஸ், அப்புறம் நடை, அப்புறம் காடு என்று எனக்குச் சொல்லியிருந்தார். நான் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுப்பேன். அட்டைப் பூச்சி கடித்தால் போடுவதற்கு ஒரு பொட்டலம் உப்பு, காயத்துக்குப் பஞ்சு, மயக்கம் வந்தால் குளுக்கோஸ். மதியம் இரண்டு மணிக்கு முழங்கை சிராய்ப்போடு, தலையில் சருகோடு வந்து நிற்பார். அதுவரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. திங்கட்கிழமை அங்கே போய், எங்கள் வீட்டுக்காரர் நேற்று எந்தக் காட்டில் படுத்திருந்தார் என்று வருகிற நோயாளிக்கெல்லாம் சொல்வேன். ஊசி குத்தும்போது அவர்களுக்கும் கவனம் வேறு பக்கம் போகும்.

போன வருஷம் சங்கத்துக் கண்காட்சியில் இவர் படத்துக்கு முதல் பரிசு. இருண்ட பொந்து, அதன் வாசலில் ஒரு சின்ன ஆந்தை, இடது புருவத்தில் ஒரு இறகு இல்லாமல், யாரோ கடன் சொன்னதை நம்பாதது போல ஒரு பார்வை. கீழே, "அடர்ந்த காட்டின் அமைதியில்" என்று எழுதி இவர் கையெழுத்து. அந்தப் படத்தைப் பெரிதாக்கி டிவிக்கு மேலே மாட்டினோம். மாட்டும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். தட்டு வைத்தேன், தொடவில்லை. இவர் வாயைப் பிடுங்குவது சுலபமில்லை. அரை மணி நேரம் பிடித்தது.

"ஒரு மரத்த வெட்டப் போறாங்க."

"எந்த மரத்த?"

"ஆபீஸ் மரத்த. ஷெட்டுக்குப் பின்னால இருக்கறது. அங்க ஜெனரேட்டர் ரூம் வருது. வியாழக்கெழம காலையில வெட்டு."

"அதுக்கு எதுக்கு நீங்க இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?"

"அதுல குஞ்சு இருக்கு. மூணு. பறக்கறதுக்கு இன்னும் மூணு வாரமாவது ஆகும்."

"என்ன குஞ்சு?"

வாயால் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டினார். டிவிக்கு மேலே.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆபீஸ் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. பேக்கரி திருப்பத்தில் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

"அப்போ அந்த மூணு மணி நேர பஸ்ஸு?"

"பஸ் இல்ல."

"பாம்பு பாத்தேன்னீங்களே?"

"ரப்பர் குழாய். மொத தடவ பாத்தப்ப நிஜமாவே பயந்துட்டேன்."

"அட்டைக்கு உப்பு குடுத்து அனுப்பினேனே?"

"முட்டைக்குத் தொட்டுக்கிட்டேன்."

இரண்டு வருஷம். உத்தேசமாக நூறு ஞாயிறு. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த ஒரு குழாயில் லேபிள் மாறினால் ஒருவருக்கு இல்லாத நோய் வந்துவிடும், இன்னொருவருக்கு இருக்கிற நோய் தெரியாமல் போய்விடும். அதனால் லேபிளை மூன்று தடவை பார்த்துத்தான் ஒட்டுவேன். வீட்டில் நூறு வாரம் தப்பு லேபிளோடு பயந்திருக்கிறேன். கோபம் வந்தது. கோபத்துக்கு முன்னால் அழுகை வந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்ட சொன்னா உன் தங்கச்சிகிட்ட சொல்லுவ. அவ அவருகிட்ட சொல்லுவா. சகலைக்குத் தெரிஞ்சா சங்கத்துக்கே தெரியும். உனக்கு ஓட்ட வாய்னு நான் சொல்லல."

"சொல்லிட்டீங்க."

பிறகு மீதியையும் அவரே சொன்னார். குஞ்சு இருக்கிற மரத்தை வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறதாம். வருஷா வருஷம் ஆபீஸ் வளாகத்து மரங்களைக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் எழுதுவார்களாம். எந்த மரம், என்ன உயரம், பறவை ஏதும் குடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"அதுல ஆந்தை இருக்குன்னு எழுதியிருந்தா வெட்ட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"எழுத வேண்டியவர் எழுதலியா?"

"எழுதினாரு. பறவை இல்லைன்னு எழுதினாரு."

"எந்த அறிவு கெட்டவன் அவன்?"

சட்டைப் பையில் இருந்த எழுதுகிற பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். பதிவேட்டின் காப்பி மூன்று ஆபீஸுக்குப் போகுமாம். மூன்றிலும் சங்கத்து ஆள் இருக்கிறானாம். ஆந்தையைக் காப்பாற்றுவதற்காக, ஆந்தை இல்லை என்று இவரே எழுதி இவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மறுநாள் டிவிக்கு மேலே இருந்த படத்தைக் கழற்றி, துணியில் சுற்றிக்கொண்டு ஆபீஸ் பொறுப்பில் இருக்கிற இன்ஜினியரம்மாவிடம் போனார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. படத்தையும் பதிவேட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம்.

"இதுல அடர்ந்த காடுன்னு போட்டிருக்கு. இதுல எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது நிஜம்?"

"ரெண்டும் பொய் மேடம்."

"அப்போ மூணாவதா நீங்க சொல்றத நான் எத வெச்சு நம்பறது?"

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள். இன்ஜினியரம்மா, இரண்டு அதிகாரிகள், அவர்களுக்குக் குடை பிடிக்க ஒருவர், குடை பிடிப்பவருக்கு வழி காட்ட ஒருவர். போதாததற்கு வாட்ச்மேன், ஆந்தையை வெளியே வரச் சொல்லி மரத்தைத் தடியால் இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். நூறு ஞாயிறு தவறாமல் வாசலுக்கு வந்த ஆந்தை அன்றைக்கு வரவில்லை. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னாராம், "உங்களத் தவிர வேற யாராவது எழுத்துல குடுக்கட்டும். அந்த ஞாயித்துக்கெழமைகள்ல நீங்க எங்க இருந்தீங்கன்னு தெரிஞ்சவங்க, குஞ்ச கண்ணால பாத்தவங்க. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம்."

வாட்ச்மேனுக்கு ஞாயிறு லீவு. அப்படி எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். இவர் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"நான் கேக்க மாட்டேன்" என்றார். "கேக்கற யோக்யத எனக்கு இல்ல."

கேட்காமல் நின்றுகொண்டே இருந்தார். அதற்குப் பதிலாகக் கேட்டிருக்கலாம்.

எனக்கு ஒன்றும் ஆசையில்லை. எழுதிக் கொடுத்தால் ஊரே படிக்கும். நூறு வாரம் காதில் புருஷன் பூச்சுற்றியது தெரியாமல் முட்டை அவித்தவள் என்று பெயர் வரும். எழுதாவிட்டால் மூன்று குஞ்சு வியாழக்கிழமை காலையில் மரத்தோடு போகும். இரவு முழுக்க யோசித்து, புதன்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தக் காட்டைப் பார்க்கப் போனேன்.

காடு தகர ஷெட்டிலிருந்து தொடங்கியது. சக்கரமில்லாத ஜீப் மூன்று. கால் உடைந்த நாற்காலிகள் ஒரு குவியல். மனு நம்பர் எழுதிய அட்டை இன்னும் அவற்றில் தொங்கியது, எல்லாம் என் வீட்டுக்காரர் கையெழுத்து. ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்சுவரில் பெரிய எழுத்தில் இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்பதற்கு மூக்குக்கு நேராகவே சாட்சி இருந்தது. ஜீப்புக்கு அடியில் ஒரு பழைய பாய். இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரர் இறங்கிய பள்ளத்தாக்கு அதுதான். அதில் படுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு விரல்கடை இந்தப் பக்கம் போனால் தகரம் வரும், ஒரு விரல்கடை அந்தப் பக்கம் போனால் 'சிறுநீர்' வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு அடர்ந்த காடு இருந்தது.

அரை மணி நேரம் அசையாமல் கிடந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைக்கும்போது பொந்துக்குள்ளிருந்து ஒரு தலை மேலே வந்தது. இடது புருவத்தில் ஒரு இறகு இல்லை. படத்தில் பார்த்த அதே முகம், ஆனால் ரொம்பச் சின்னது. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என்னை நேராகப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் முட்டி மோதிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று. கட்டிலுக்கு அடியில் பெருக்கினால் பஞ்சும் தூசும் உருண்டு வருமே, அதற்குக் கண் வைத்தது போல இருந்தன. மூன்றாவதற்கு இடம் கிடைக்காமல் அம்மா தலைமேல் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போகவில்லை. சிரிப்புக்கு மட்டும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

நேராக இன்ஜினியரம்மாவின் அறைக்குப் போய் எழுதினேன்.

"என் கணவர் எந்தக் காட்டுக்கும் போனதில்லை. ஏறக்குறைய நூறு ஞாயிற்றுக்கிழமைகள் காட்டுக்குப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, இந்த அலுவலக ஷெட்டுக்குப் பின்னால் படுத்திருந்தார். இது எனக்குத் திங்கட்கிழமைதான் தெரிந்தது. இன்று காலை பத்தே முக்காலுக்கு அந்த மரத்தில் மூன்று ஆந்தைக் குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தேன்."

தேதி, நேரம், கையெழுத்து. எங்கள் கூடத்து வழக்கப்படி மூன்று தடவை சரிபார்த்தேன். இன்ஜினியரம்மா படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். கடிதத்துக்கு நம்பர் போட்டு வாங்கிய பெண் படித்தாள். நான் கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் எழுந்து நின்று ஒரு மாதிரி சிரித்தார். சாயங்காலத்துக்குள் தங்கையின் ஃபோன் வந்துவிட்டது.

"என்னக்கா, மாமா இப்படிப் பண்ணிட்டாரு. நீ எப்படித்தான் இவ்வளவு நாள் கண்டுபிடிக்காம இருந்தியோ."

அவள் அனுதாபமாகத்தான் சொன்னாள். எனக்கு ஃபோனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

குஞ்சுகள் பறக்கும் வரை வெட்டு நிறுத்தம் என்று உத்தரவு வந்தது. பொய்ப் பதிவு செய்ததற்காக இவருக்கு மெமோவும் வந்தது. சங்கத்துக்கு இவரே கடிதம் எழுதினார். காடு என்று போட்டது பொய், ஊருக்குள் எடுத்த படம் என்று மட்டும் சொல்லி, இடத்தைச் சொல்லவில்லை. சங்கம் அவசரக் கூட்டம் கூடியது. படம் எடுத்த இடத்தைப் பற்றி ஒரு மனிதன் பொய் சொல்ல முடியுமா என்று முப்பத்தொன்பது பேரும் மாறி மாறி அதிர்ச்சி அடைந்தார்களாம். பரிசு பறிபோயிற்று.

கூட்டம் வந்துவிடாமல் இருக்க இன்ஜினியரம்மா ஷெட்டின் பின்கதவைப் பூட்டினார். குஞ்சுகள் இருக்கின்றனவா என்று தினமும் ஒருவர் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஆபீஸ் ஆட்களை நம்பிப் பயனில்லை. ஒரு மாதத்துக்கானதை ஒரே நாளில் எழுதிவிடுவார்கள். மனு கொடுத்தவளே பார்க்கட்டும் என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். மெமோ விசாரணை முடியும் வரை இவர் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஆக, ஆந்தைக்காக உயிரை விடுகிறவர் வீட்டு வாசலில் நிற்க, ஆந்தையே வேண்டாம் என்றிருந்த நான் தினமும் வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு அந்தப் பாயில் போய்ப் படுத்தேன். திரும்பி வரும்போது தெருமுனைக்கே வந்து கேட்பார்.

"மூணும் இருக்கா?"

"இருக்கு."

"சின்னது சாப்பிடுதா?"

"வண்டு குடுத்துச்சு. முழுங்கிச்சு."

"எந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருந்துச்சு?"

எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பது வருஷத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

நாலாவது நாள் பாயில் மல்லாந்து படுத்திருந்தேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம், அதன் மாடியில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலிலிருந்து இலை போட்ட துணி சுற்றிய குழாய் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்த அது மெதுவாகக் கீழே இறங்கி, என்னைப் பார்த்து, சட்டென்று உள்ளே போய்விட்டது. அந்தத் துணியை எனக்குத் தெரியும். ஜன்னல் திரைக்கென்று நானும் தங்கையும் ஒரே கடையில் ஒரே துணிச் சுருளில் கிழித்து வாங்கியது. கட்டடம் யாருடையது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். மூக்குக் கண்ணாடிக் கடையின் கோடவுன் என்றார்.

அப்படியென்றால் என் வீட்டுக்காரர் பாயில் கிடந்த அத்தனை ஞாயிறும் மேலே இருந்து சகலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சு விடவில்லை. விட்டால் அவரும் மாட்டிக்கொள்வாரே.

அடுத்த வாரம் தங்கை மறுபடி கூப்பிட்டாள். இரண்டாம் பரிசு வாங்கிய படத்துக்கு இப்போது முதல் பரிசாம். இரண்டாம் பரிசு அவள் வீட்டுக்காரருடையது. படத்தையும் ஃபோனில் அனுப்பியிருந்தாள். கொஞ்சம் மேலேயிருந்து எடுத்த படம். இருண்ட பொந்து, சின்ன ஆந்தை, இடது புருவத்தில் ஒரு இறகு இல்லை. கீழே, "மலை உச்சியின் தனிமையில்" என்று போட்டிருந்தது.

"தப்பா நெனைச்சுக்காதக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரர் நிஜமாவே மலைக்குப் போறவரு. ஒவ்வொரு வாரமும் அவரு திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வருது. நீ குடுத்து வெச்சவ, உனக்கு இனிமே அந்தப் பயம் இல்ல."

படத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். போன வருஷம் கண்காட்சியில் தன் படத்தைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்காதவருக்கு, இப்போது புருவத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. என் வாயையே பார்த்தார்.

எனக்கு நாக்கு அரித்தது. உங்கள் மலை உச்சி எங்கள் ஆபீஸ் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும். பட்ட அவமானத்தில் பாதி தீர்ந்துவிடும். ஆனால் சொன்னால் அவள் வீட்டில் சண்டை வரும், சண்டை தெருவுக்கு வரும், தெருவிலிருந்து சங்கத்துக்குப் போகும், அந்த ஜன்னலில் நாற்பது குழாய் முளைக்கும். குஞ்சுகளுக்கு இன்னும் பத்து நாள் வேண்டும்.

"பத்திரமா போயிட்டு வரச் சொல்லுடி" என்றேன்.

"சொல்றேன்க்கா" என்றாள்.

ஃபோனை வைத்தேன். பத்து நாள்தான், குஞ்சுகள் பறந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரே இருந்தவரைப் பார்த்தேன். இவரும் இப்படிச் சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பார்.